சாவடித் தெருவில் மூன்று மணி

சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில், வீட்டுக்கு ஒரு மெஷின் போட்டு ஊரே நைட்டி தைக்கிற தச்சம்பட்டியில், சாவடித் தெருவின் ஏழாவது வீட்டில் ஒரு நாளைக்கு முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. பதிமூன்று வருடமாக இருந்தது. யாரும் கூட்டிப் பார்க்காததால் தெருவுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது, அந்த முப்பத்தொரு மணி நேரத்தையும் ஒன்றுவிடாமல் நின்றும் நடந்தும் தீர்த்துக்கொண்டிருந்த ஆவுடைக்கும் தெரியாது.

கூட்டிப் பார்க்க ஆள் வந்தது வைகாசியில். பெயர் ஜெபராணி, ஊர் பாளையங்கோட்டை, தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு டேப்லெட்டும். பெண்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், பிள்ளை பிறந்ததும் எந்த வேலையை விட்டார்கள், உடம்புக்கு என்ன செய்கிறது, சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை உண்டா, உண்டென்றால் எது குறுக்கே நிற்கிறது என்றெல்லாம் கேட்டு அனுப்பினால், சென்னையில் பொருளாதாரம் படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வார்களாம். தெருக்காரர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பையோடு வந்து கேள்வி கேட்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற முதல் கேள்விக்கே, முதல் ஆறு வீட்டிலும், பெடலில் இருந்த காலை எடுக்காமல், “சும்மாதான் இருக்கேன் டீச்சர்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆவுடையும் அதையேதான் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய வலது கால் பெடலில் இருந்தது, இடது கால் பெருவிரலில் தொட்டில் கயிறு இருந்தது, உதட்டில் இரண்டு குண்டூசி இருந்தது. ஜெபராணிக்கு வெயிலில் தலை கிறுகிறுத்தது. எட்டாவது வீட்டுக்கு நடக்கத் தெம்பில்லாமல் அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, சரிக்கா, காலையில எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க என்று கேட்டாள், ஆவுடை சொன்னாள், அப்புறம் என்றாள், ஆவுடை சொன்னாள், அப்புறம் அப்புறம் என்று கேட்கக் கேட்க, கோலம் வந்தது, அடுப்பு வந்தது, மூத்தவள் மதிவதனிக்குச் சடை வந்தது, கம்பெனிக்காரரின் துணிக் கட்டு வந்தது, கைப்பிள்ளைக்குப் பால் வந்தது, மறுபடி அடுப்பு வந்தது, இப்படியே மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

“மூணு மணிக்குக் கொழாயில தண்ணி வரும். பன்னெண்டு கொடம் பிடிப்பேன். அப்புறம் துணி. அப்புறம் ஏனம் கழுவுவேன். அப்புறம் நாளைக்கு மாவுக்கு அரைக்கணும். அப்புறம் இவனக் குளிப்பாட்டணும். அப்புறம் நூத்திருபது உருப்படிக்குப் பட்டன் வைக்கணும். அப்புறம் அயன் பண்ணி மடிக்கணும். அப்புறம் மூணு மணிக்கு அத்தான் டீ குடிக்க வருவாரு.”

“மூணு மணிதான் முன்னாடியே வந்துட்டுதேக்கா?”

“ஆமா. வேல முடிஞ்சாத்தான மூணு மணி முடியும்?” என்றாள் ஆவுடை.

டேப்லெட்டில் சிவப்பு எழுத்து வந்தது. மொத்தம் இருபத்து நான்கைத் தாண்டுகிறது, சரிபார்க்கவும். ஜெபராணி சரிபார்த்தாள். மறுநாள் வந்து சரிபார்த்தாள். அதற்கு மறுநாள் மதியம் இரண்டரைக்கே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். குழாயில் காற்று சீறித் தண்ணீர் வந்தது. முற்றத்தில் மூன்றாவது செங்கல்லில் விழுந்திருந்த வெயில் அந்தச் செங்கல்லிலேயே நின்றது. சுவர்க் கடிகாரம் நின்றது. வாசலுக்கு வெளியே தெரு தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்ததுபோல வெறும் வெளுப்பு தெரிந்தது. ஆவுடை ஒவ்வொரு வேலையாக முடித்தாள். ஜெபராணி தன் கைக்கடிகாரத்தில் ஏழு மணி நேரத்தையும் பார்த்தாள், இரண்டு தடவை பசித்துச் சாப்பிட்டாள், ஒரு தடவை சுவரில் சாய்ந்து தூங்கினாள். கடைசி வேலை முடிந்ததும் வெயில் நாலாவது செங்கல்லுக்கு நகர்ந்தது, வாசலில் தெரு வந்தது, ஜெபராணி ஓடிப்போய் மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்தாள். அப்படி ஆறு நாள் வந்தாள். அந்த மாதம் அவளுக்கு வீட்டுக்கு விலக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

“எல்லா வீட்லயும் இப்படித்தான்னுல்லா நெனச்சிருந்தேன்” என்றாள் ஆவுடை. கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லுக்குப் போனவள். மூத்தவள் வயிற்றில் வந்ததும் நின்றுகொண்டவள். கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் மூன்று மணித் தண்ணீருக்கு வீட்டுக்குள் வந்துவிடுகிறவள். மூன்று மணி மற்ற இடங்களில் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு வாய்த்ததே இல்லை.

அவள் ஜெபராணியிடம் சொல்லாதது ஒன்று உண்டு. முப்பத்தொரு மணி நேரத்தில் அவளுடையது ஒரு மணி நேரம். அதை அவள் ஒரு டம்ளரால் சம்பாதித்தாள். எல்லாப் பாத்திரமும் கழுவி, எல்லா வேலையும் முடித்து, ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளரை மட்டும் குழாயடியில் கழுவாமல் வைத்துவிடுவாள். வேலை முடியவில்லை என்று நம்பி வெயில் செங்கல்லிலேயே காத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் பழைய பேப்பரை விரித்து அவள் தன்னுடைய நைட்டிக்கு அளவு வெட்டுவாள். பால் கொடுக்கிற பெண்களுக்கான நைட்டி அது. மார்புக்கு நேரே ஒரு மடிப்பு, மடிப்புக்குள் ஒரு திறப்பு, ஒரு கையால் திறக்கலாம், திறந்தது வெளியே தெரியாது, இடுப்பில் ஒரு ஆழமான பை. கம்பெனிக்கு அவள் தைத்த ஆயிரக்கணக்கான நைட்டிகளில் ஒன்றிலும் பை கிடையாது. வீட்டில் இருக்கிறவளுக்குப் பை எதற்கு என்று கம்பெனியில் நினைத்திருப்பார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலில் மகளிர் குழுக்கள் கடை போடும். ஒவ்வொருத்தியும் சொந்தமாகத் தைத்த பத்து உருப்படி கொண்டுவந்தால் சாவடித் தெருக் குழுவுக்கு ஒரு கடை. ஆவுடை பெயர் கொடுத்திருந்தாள். பதிமூன்று வருடத்தில் அவள் தனக்காக ஒரு இடத்தில் பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சேதி எப்படிப் பரவியது என்று கேட்க வேண்டியதில்லை. ஆறு நாளாக ஒரு டீச்சர் ஒரே வீட்டுக்கு வந்து போனால் தெரு விடுமா. பக்கத்து வீட்டு வேலம்மா மதினிதான் முதலில் வந்தாள், தன் துணிக் கட்டோடு. “ஒன் வீட்ல நேரம் கெடக்காமே. ஒரு ஓரமா ஒக்காந்துக்கிடுதேன்” என்று ஏதோ வெந்நீர் கேட்டு வந்ததுபோல உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டே முக்காலுக்கு ஏழாவது வீட்டு வாசலில் செருப்புகள் தெருவரைக்கும் கிடந்தன. தாலுகா ஆபீசுக்குக் கணக்கு முடிக்காத பஞ்சாயத்து கிளார்க் நோட்டோடு வந்தார். வட்டிக்கு விட்ட பெண்ணும் வாங்கிய பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து அவரவர் தையலை முடித்தார்கள். போன வருடச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரிகள் ஏழு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருக்க முடியாமல் பேசிவிட்டார்கள். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. அவள் வீட்டில் கிணறு இருக்கிறது என்றால் இறைக்கப் போவதில்லையா, அப்படித்தான்.

ஆம்பிளைகள் தூங்க வந்தார்கள். முதலில் வந்தவன் ஆவுடையின் புருஷன் சீனிராஜ்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், நல்லவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குடித்த டம்ளரை எடுத்துக் கழுவவும் மாட்டான். வழக்கமாக மூன்று மணி முடிந்த பிறகு டீக்கு வருகிறவன், விஷயம் தெரிந்ததும் ஐந்து நிமிடம் முன்னால் வந்து படுத்தான். ஏழு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கி, எழுந்து டீ குடித்து, மூன்று மணிக்கே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். அவன் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்து ஸ்டாண்டில் இருந்த இன்னும் இரண்டு டிரைவர்கள் தலையணையோடு வந்தார்கள். கம்பெனித் துணியைத் தைக்கக் கொடுத்து வாங்குகிற பொன்ராஜ் அண்ணாச்சி தலையணைகூட இல்லாமல் வந்தார், ஆவுடை வீட்டுத் தலையணையில் படுத்தார், எழுந்ததும், “நேரந்தான் கூடக் கெடக்கே ஆவுட, இனிமே நூத்தம்பது உருப்படி குடுத்துருதேன்” என்று ஒரு கட்டை அதிகமாக இறக்கிவிட்டுப் போனார்.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஏழு மணி நேரத்தில் பசிக்கத்தானே செய்யும். டீ போட்டாள். இரண்டாவது டீ போட்டாள். உப்புமா கிண்டினாள். பதினான்கு டம்ளர், பதினான்கு தட்டு, தூங்கி எழுந்தவர்களுக்கு முகம் கழுவத் தண்ணீர். ஏழு மணி நேர வேலை எட்டானது, ஒன்பதானது. அதையெல்லாம் முடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய ஒரு மணி நேரத்துக்காக ஒரு டம்ளரைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்து பேப்பரை விரித்தாள். விரித்த மாத்திரத்தில் வெயில் நகர்ந்துவிட்டது, வாசலில் தெரு வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். வேலம்மா மதினி குழாயடியிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்தாள்.

“ஒரு டம்ளர் கெடந்துச்சு. நீ பாவம் எவ்வளவுதான் செய்வ, நான் கழுவி வச்சிட்டேன்” என்றாள்.

மதினியின் மனசில் கள்ளம் இல்லை. அதனால்தான் ஆவுடையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மறுநாள் டம்ளரை வாளிக்குப் பின்னால் வைத்தாள், இன்னொருத்தி கண்டுபிடித்துக் கழுவினாள். வீடு நிறைய உதவி செய்கிறவர்கள் இருந்தார்கள், வேலை மட்டும் குறையவில்லை. ஆடி பிறந்தபோது அவளுடைய பத்து நைட்டியில் மூன்றுதான் முடிந்திருந்தது.

இதற்கிடையில் ஊர் நர்ஸ் வந்து அவளுக்கு ரத்தம் குத்திப் பார்த்தாள், எட்டரைதான் இருந்தது. முட்டியை அமுக்கிப் பார்த்தாள். ஒனக்கு என்ன வயசு என்று இரண்டு தடவை கேட்டாள். ஆவுடை முப்பத்தி நாலு என்று இரண்டு தடவையும் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஜெபராணி சும்மா இருந்திருக்கலாம், ஆனால் கூட்டிப் பார்ப்பது அவளுக்குத் தொழில். தினம் ஏழு மணி நேரம், பதிமூன்று வருடம் என்று போட்டுப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். “மூணு வருசம் ஒம்பது மாசம் வருதுக்கா. ஒங்களுக்கு முப்பத்தெட்டு ஆகப்போகுது.”

அப்போதுதான் பல காரியம் விளங்கியது. கைப்பிள்ளை கதிர் எட்டு மாதத்திலேயே சுவரைப் பிடித்து நடந்தது ஏன் என்று விளங்கியது. அவன் பத்து மாதப் பிள்ளை. மதிவதனி வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரமாக நின்றது ஏன் என்று விளங்கியது. வேலம்மா மதினி தன் தலையில் ஒரு மாதத்தில் வந்த நரையைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே பட்டன் தைத்தாள், ஏனென்றால் துணிக் கட்டு அப்படியே இருந்தது. ஆம்பிளைகள் இதை ஸ்டாண்டில் வைத்துப் பேசி, தூங்குகிற நேரத்துக்கு வயசு ஏறாது என்று முடிவு செய்தார்கள்.

ஆவுடைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். நாலு வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள், அதில் ஒரு ஆடித்தபசு இல்லை, ஒரு தீபாவளி இல்லை, ஒரு சாயங்காலம் இல்லை, எல்லாமே மூன்று மணி. அன்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போதே எழுந்துவிடுவாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அடுப்படிவரை போய்த் திரும்புவாள்.

ஆடி இரண்டாவது புதன்கிழமை மகளிர் குழுவுக்குக் கூட்டம். வெள்ளிக்கிழமைக்குள் பத்து உருப்படி காட்டாத பெயரை அடித்துவிட்டுக் கடையைக் கீழத்தெருவுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் போனார்கள். மூன்று மணித் தண்ணீரை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் ஆவுடை மட்டும் போகவில்லை. வேலம்மா மதினி வாசலில் நின்று, “நான் என்னத்தச் சொல்லட்டும்?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள தாரேன்னு சொல்லுங்க.”

“தருவியா?”

ஆவுடை உள்ளே திரும்பிக் குழாயைப் பார்த்தாள். மதினி போய்விட்டாள்.

இரண்டு ஐம்பதுக்கு வீட்டில் சீனிராஜ், இரண்டு டிரைவர்கள், கிளார்க், பொன்ராஜ் அண்ணாச்சி என ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தொட்டிலில் கதிர் சிணுங்கினான். ஆவுடை அளவுப் பேப்பரை எடுக்கப் போனாள், இல்லை. மெஷினுக்கு அடியில் பார்த்தாள், இல்லை. அண்ணாச்சியின் தலைமாட்டில் இருந்தது. அதன்மேல் நாலு மிளகாய் பஜ்ஜிக் காம்பு கிடந்தது. மார்பு மடிப்புக்காக அவள் பதினோரு தடவை திருத்தித் திருத்தி வெட்டிய வளைவு எண்ணெயில் ஊறி, பின்பக்கத்துச் செய்தி முன்பக்கம் தெரிந்தது.

“ஒரு பேப்பர் கெடந்துது, எடுத்துக்கிட்டேன் தாயி” என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல்.

ஆவுடை செம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். அந்த டம்ளரை அரிசி டின்னுக்குப் பின்னால், சுவரோரம், குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில் வைத்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து ஒரு முத்தம் கொடுத்துச் சீனிராஜின் நெஞ்சில் படுக்க வைத்தாள். எண்ணெய்ப் பேப்பரையும் துணியையும் சாக்குக்கட்டியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டாள். குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டபோது அவள் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள், சத்தம் தண்ணீராக மாறுவதற்குள் இன்னொரு காலையும் எடுத்து வைத்துவிட்டாள்.

எதிரே பூட்டிக் கிடந்த ரேஷன் கடை வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். வேலை செய்யாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நாய் படுத்திருந்தது, அதன் நிழல் ஒரு நூல் அளவு நகர்ந்தது. மூன்று மணியில் வெயில் நகர்வதைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். உள்ளே பிள்ளை அழுமே என்று பயமாக இருந்தது, எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எழவில்லை. துணியை விரித்து, பேப்பரை வைத்து, தோளிலிருந்து இடுப்புவரை சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். கோடு இடுப்புக்கு வந்து சேர்வதற்குள் அவள் வீட்டுக் கதவு திறந்துவிட்டது.

முதலில் இரண்டு டிரைவர்களும் வந்தார்கள். இருவர் முகத்திலும் முள்முள்ளாகத் தாடி. ஒருவன் விரல்நுனியெல்லாம் ஊசி குத்தியிருந்தது. அடுத்து கிளார்க் வந்தார், சட்டை இல்லாமல். சட்டையில் பிள்ளை கக்கியதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாராம். பொன்ராஜ் அண்ணாச்சி தோள்பட்டையை அழுத்திக்கொண்டே வந்தார், நூற்றைம்பது உருப்படியையும் அயன் பண்ணியவர் அவர்தான். யாரும் ஆவுடையை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையணைகளை உள்ளேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள்.

கடைசியாகச் சீனிராஜ் வந்தான். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு டம்ளர். டம்ளரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஏட்டி, எங்க போன?”

“இப்பந்தான வெளிய வந்தேன்.”

“பத்தொம்பது மணி நேரம்” என்றான். குரல் கட்டியிருந்தது. “மாவாட்டி, துவச்சு, சோறாக்கி, பட்டன் வச்சு, எல்லாம் முடிச்சிட்டோம், கதவு தெறக்கல. மறுபடியும் துவச்சோம். மறுபடியும் வீடு தூத்தோம். இவனுக்குக் கஞ்சி குடுத்தேன், வாழப்பழம் குடுத்தேன், தூங்குனான், அழுதான், திரும்பத் தூங்குனான், திரும்ப அழுதான். ஒன்னத்தான் தேடுனான். கடேசி ஆறு மணி நேரமும் என்ன பாக்கின்னே தெரியல. தரையில படுத்துப் பாத்தப்பதான் இது தெரிஞ்சுது.” டம்ளரைத் தூக்கிக் காட்டினான். “எதுக்கு ஒளிச்சு வச்ச?”

“ஒளிச்சு வச்சது இன்னைக்குத்தான். பதிமூணு வருசமாக் கழுவாமத்தான் வச்சிருந்தேன். அது கழுவாம இருக்கிற வரைக்குந்தான் எனக்கு நேரம்” என்றாள் ஆவுடை.

அவன் டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் பிள்ளை அவன் இடுப்பிலிருந்து அவள்மேல் பாய்ந்தது. அவளுக்கு ஒரு கோடு இழுக்கிற நேரம், பிள்ளைக்குப் பத்தொன்பது மணி நேரம். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. மற்ற நைட்டியெல்லாம் கொடியில் காய்ந்ததால் அன்று அவள் தான் தைத்த மூன்றில் ஒன்றைத்தான் போட்டிருந்தாள், நீலத்தில் வெள்ளைப் பூ போட்டது. ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையால் மடிப்புக்குள் திறந்தாள். நடுத்தெருவில், பட்டப்பகலில், மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு, பிள்ளை பால் குடித்தது. துண்டைக்கூட அவள் இழுத்து விடவில்லை. எதுவும் தெரியவில்லை.

குழுக் கூட்டம் முடிந்து தெருப் பெண்கள் வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேலம்மா மதினி கிட்டே வந்து, மடிப்பைத் தூக்கிப் பார்த்து, பைக்குள் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்து, “இத எங்கட்டி வாங்குன?” என்றாள். தான் தைத்தது என்று ஆவுடை சொன்னதும் ஆறாவது வீட்டு மருமகள், மாசமாக இருக்கிறவள், தனக்கு இரண்டு வேண்டும் என்றாள். உள்ளே ஒரு வேலையும் மிச்சம் இல்லை. அன்றைக்கு ஆவுடைக்கு ஒரு சாயங்காலம் இருந்தது. மூன்றரை வந்தது, நாலு வந்தது, மதிவதனி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், ஐந்து வந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை பத்து உருப்படியையும் எடுத்துக்கொண்டு அவளே நேரில் போனாள்.

வேலம்மா மதினி மறுநாள் தன் வீட்டைச் சோதித்துப் பார்த்தாள். மூன்று மணிக்குத் தன் வீட்டுப் படியைத் தாண்டி வெளியே நின்றாள், ஒரு நிமிடத்தில் கதவு திறந்து அவள் புருஷன் தாடியோடு வந்தான். அவளும் பதினெட்டு வருடமாக யாரும் கேட்காததால் சொல்லாதவள்தான். ஆவுடை வீட்டுக்குப் போன நாளெல்லாம் அவள் வீடு மூன்று மணிக்கு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. ஆடி கடைசியில் மூன்று மணிக்கு ரேஷன் கடை வராந்தாவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பெண்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள். எதிர்வரிசைக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கொஞ்சம் பயத்தோடு, கொஞ்சம் சிரிப்போடு. சில கதவுகள் திறக்க நேரமாகும். சில கதவுகளைப் பொறுக்கமாட்டாமல் அவர்களே எழுந்து போய்த் திறந்து, மறுபடி உள்ளே போய்விடுவதும் உண்டு.

ஆவணியில் ஜெபராணி கடைசித் தடவையாக வந்தாள். தெருவை முதலிலிருந்து திரும்பக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள், இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டிலும் அப்புறம் அப்புறம் என்று கேட்டு. ஆவுடை வீட்டில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். காலையிலிருந்து மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

“மூணுலேருந்து மூணரை வரைக்கும்?”

“சும்மா இருந்தேன்” என்றாள் ஆவுடை. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

டேப்லெட் கூட்டிப் பார்த்து, இருபத்து நான்கு என்று பச்சை எழுத்தில் ஒப்புக்கொண்டது. உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சீனிராஜ் எட்டிப் பார்த்தான்.

“எங்கிட்டல்லாம் கேக்க மாட்டீங்களா டீச்சர்?”

ஜெபராணி கேட்டாள். அவன் சொன்னான். ஆட்டோ எடுத்தது, லோடு இறக்கியது, மூன்று மணி, குழாய், துணி, மாவு, பிள்ளை, பட்டன். அவனுக்கு இப்போது கை கொஞ்சம் பழகியிருந்தது, எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். டேப்லெட்டில் சிவப்பு எழுத்து வந்தது. அவன் அதைக் குனிந்து படித்தான்.

“எல்லாருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டான்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி இரண்டு ஐம்பத்தைந்து. ஜெபராணி பஸ்ஸுக்கு எழுந்தாள். ஆவுடையும் எழுந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். அங்கே, வாளிக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு டம்ளர் கழுவாமல் இருந்தது. அவள் வைத்ததில்லை. திரும்பிப் பார்த்தாள், சீனிராஜ் பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டு, அவள் பக்கம் பார்க்காமல் மும்முரமாக இருந்தான்.

பழக்கதோஷம், கழுவக் கை போயிற்று. அது அவன் தனக்கு வைத்துக்கொண்ட நேரம் என்று போன கையை எடுத்து நைட்டிப் பைக்குள் விட்டுக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.